கூபாங் பாசு: சயாம் வெட்டிக் கொடுத்த துண்டு

"1842இல் சுல்தான் திரும்பினார், கெடா மீண்டது." மலாயாவின் வடக்கிலிருந்த கெடா அரசைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) பிடித்து, பிறகு திருப்பிக் கொடுத்த கதையை இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மீண்டது கெடா அல்ல, அதில் ஒரு பங்கு. சயாம் தனியே வெட்டி எடுத்த துண்டுகளில் ஒன்றுதான் கூபாங் பாசு.

நம் ஆட்களுக்குக் கெடா என்றால் கடாரம், ராஜேந்திர சோழன். அதற்கு எண்ணூறு ஆண்டுகள் கழித்து நடந்தது இது. 1821 நவம்பர் 12 அன்று சயாமின் தென்பகுதியான லிகோரின் ஆளுநர் அனுப்பிய படகுகள் கெடாவின் துறைமுகமான கோலா கெடாவுக்குள் நுழைந்தன. பர்மாமேல் படையெடுத்துப் போகிறோம், வழிக்கு அரிசி கொடுங்கள் என்றார்கள். அரிசி அளந்துகொண்டிருக்கும்போதே தாக்குதல். சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பினார். சயாமிடமிருந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தான் அவருடைய தந்தை 1786இல் அந்தத் தீவை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். ஆங்கிலேயரோ 1826இல் சயாமோடு செய்த பர்னி ஒப்பந்தத்தில் கெடாவை அதனிடமே விட்டுவிட்டார்கள்.

சயாமுக்கும் நிம்மதி இல்லை. லிகோர் ஆளுநரின் மகன்களை வைத்து நேரடியாக ஆண்டு பார்த்தார்கள். 1831இல் ஒரு கலகம், 1838இல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வடக்கிலிருந்து படை வந்துதான் அடக்க வேண்டியிருந்தது. மலாய்க்காரர்களை மலாய்க்காரரே ஆளட்டும், ஆனால் ஒருவரிடம் முழுதாக வேண்டாம் என்று 1839க்குப் பின் முடிவுக்கு வந்தார்கள். நாடு நான்கானது: செத்துல், பெர்லிஸ், கூபாங் பாசு, மிச்சமிருந்த கெடா. சுல்தான் மகனை பேங்காக்குக்குத் தூது அனுப்பி, பணிந்து வாங்கியது அந்த மிச்சத்தைத்தான். மூன்றாண்டுக்கு ஒருமுறை 'புங்கா மாஸ்' அனுப்பும் கடமையும் கூடவே வந்தது. அது இலையும் பூவுமாகத் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த சிறு மரங்கள்.

கூபாங் பாசு துங்கு அனுமுக்குப் போனது. அவரும் கெடா அரச குடும்பத்தவரே. அதுதான் அந்த அரசின் பலவீனம் என்பேன். பெர்லிசில் ஜமாலுல்லைல் என்ற தனி வம்சம் வேரூன்றியது, இன்றும் ஆள்கிறது. கூபாங் பாசுவுக்கோ கெடாவிலிருந்து விலகி நிற்கத் தனி வம்சமும் இல்லை, தனிக் காரணமும் இல்லை. 1864இல் கெடாவோடு சேர்ந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆயுள்.

சேராமல் போயிருந்தால்? செத்துலைப் பாருங்கள். பிரிட்டிஷாரும் சயாமும் செய்த 1909 ஒப்பந்தத்தில் கெடாவும் பெர்லிசும் பிரிட்டிஷார் பக்கம் வந்தன, செத்துல் சயாமிலேயே தங்கி இன்று தாய்லாந்தின் சத்துன் மாநிலம். கூபாங் பாசு அதற்குள் கெடாவின் ஒரு மாவட்டமாகிவிட்டதால் அது எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. ஜித்ரா, சங்லுன், புக்கிட் காயு ஹீத்தாம் குடிநுழைவுச் சாவடி எல்லாம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.