காபி ஆறுவதற்குள் ஒரு பொய்

எங்கள் வீட்டில் இந்த ஜப்பானிய நாவல் ஒரே ஒரு பிரதிதான். முதலில் நான் படித்தேன், அப்புறம் தம்பி, அப்புறம் வீட்டுக்காரர், கடைசியாக அக்கா. நாலு பேரும் நாலு வேறு புத்தகத்தைப் படித்த மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு. கதையை முழுக்கச் சொல்லிவிடப் போகிறேன், படிக்க நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

தோஷிகஸு கவகுச்சி எழுதிய ‘பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்’. ஜப்பானியில் 2015-ல் வந்தது, ஆங்கிலத்தில் 2019-ல். டோக்கியோவில் ஒரு சந்துக்குள், தரைக்குக் கீழே ஒரு பழைய காபிக்கடை. ஜன்னல் கிடையாது. சுவரில் மூன்று கடிகாரம், மூன்றும் மூன்று நேரம் காட்டும். ஒன்பது பேர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். அங்கே ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம், எதிர்காலத்துக்கும் போகலாம். ஆனால் அந்த நாற்காலியில் வெள்ளை உடை உடுத்திய ஒரு பேய் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறது. அது நாளுக்கு ஒருமுறை கழிப்பறைக்கு எழுந்து போகும், அந்த இடைவெளியில் இடம் பிடிக்க வேண்டும். போன இடத்தில் நாற்காலியை விட்டு எழக் கூடாது. அந்தக் கடைக்கு வந்துபோனவர்களை மட்டுமே பார்க்க முடியும். ஊற்றிய காபி ஆறுவதற்குள் குடித்து முடித்துத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் பேய். எல்லாவற்றையும் விடப் பெரிய விதி: போய் என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது.

தம்பிக்கு இந்த இடத்திலேயே கோபம் வந்துவிட்டது. “மாறவே மாறாதுன்னா எதுக்குப் போகணும்? பேங்க்ல ஃபார்ம் நிரப்புற மாதிரி விதி விதியா அடுக்கிட்டு, கடைசில ஒண்ணும் நடக்காதுங்கறான்.” அவன் இயந்திரம் வைத்த காலப்பயணக் கதைகளில் வளர்ந்தவன். தாத்தாவைக் கொன்றால் பேரன் பிறப்பானா என்று ராத்திரி ரெண்டு மணி வரை பேசுவான். அவனுக்கு இது சக்கரமில்லாத வண்டி.

வீட்டுக்காரரின் புகார் வேறு. ஒவ்வொரு கதையிலும் அதே விதிகளை முதலிலிருந்து சொல்கிறார்கள், யார் உள்ளே வந்தாலும் மணி அடிக்கிறது, வந்தவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று சட்டையிலிருந்து செருப்பு வரை வர்ணனை. “துணிக்கடை பில்லா இது?” என்றார். இந்தப் புகாருக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கவகுச்சி அடிப்படையில் நாடகக்காரர். இது முதலில் மேடையேறிய நாடகம், பிறகுதான் நாவலானது. ஒரே அரங்கம், கதவு மணி அடித்தால் ஒரு பாத்திரம் நுழைகிறது, நுழையும்போது உடைக் குறிப்பு. நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பதே மேடைக்கு வசதியான விதிதானே! நாவலாக்கும்போது மேடைக்காகக் கட்டிய சாரத்தைக் கழற்றியிருக்கலாம், கழற்றவில்லை. அழகு என்று வாதாட மாட்டேன், ஆனால் காரணம் தெரிந்த பிறகு எனக்கு அது உறுத்தவில்லை.

ஜப்பானில் இதை ‘நாலு தடவை அழவைக்கும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலு கதை, நாலு அழுகை. என் கணக்கில் ஒன்றரை.

முதல் கதையில் ஃபுமிகோ, அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்ட காதலனிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் போகிறாள். மூன்று வருஷம் காத்திரு என்ற வார்த்தையோடு திரும்புகிறாள். மூன்றாவது கதையில் ஹிராய், தன்னைப் பார்க்க வந்து திரும்பும் வழியில் விபத்தில் இறந்த தங்கையைச் சந்தித்துவிட்டு, தான் உதறிவிட்டு வந்த குடும்பத்தின் விடுதிக்கே போய்விடுகிறாள். நாலாவதில் கேய். இதயம் பலவீனம், பிரசவம் உயிரைக் குடிக்கும் என்று தெரிந்தும் குழந்தையைப் பெற முடிவு செய்தவள், எதிர்காலத்துக்குப் போய் வளர்ந்த மகளைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கவனித்தீர்களா? ஒருத்தி காத்திருக்கிறாள், ஒருத்தி தான் நடத்திவந்த பாரை விட்டுவிட்டு வீட்டுப் பொறுப்பை ஏற்கிறாள், ஒருத்தி உயிரையே கொடுக்கிறாள். நிகழ்காலம் மாறாது, அதனால் மனசை மாற்றிக்கொள் என்று கடை சொல்கிறது. மாற்றிக்கொள்வதெல்லாம் பெண்களாகவே இருக்கிறார்கள். காலக் கணக்கு இடிக்கிறது என்று குதித்த தம்பிக்கு இது இடிக்கவே இல்லை. கடைசிக் கதையில் அந்த மகள் பேசும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கலங்கிய கையோடு எரிச்சலும் வந்தது. அதுதான் அந்த அரை.

முழு ஒன்று, இரண்டாவது கதை. கோதாகே ஒரு நர்ஸ். அவள் கணவர் ஃபுசாகிக்கு அல்ஸைமர். மனைவியையே அடையாளம் தெரியாத நிலை வந்துவிட்டதால், அவர் எதிரில் சங்கடம் வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் தன்னைப் பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவர் தனக்குக் கொடுக்காமலே விட்ட ஒரு கடிதத்தை வாங்கத்தான் கடந்த காலத்துக்குப் போகிறாள். திரும்பி வந்து பிரித்தால், நீ எனக்கு நர்ஸாக இருக்க வேண்டாம், மனைவியாக இருப்பது தாங்கவில்லை என்றால் விட்டுப் போய்விடு என்கிறது கடிதம். அதன் பிறகு கடையில் எல்லோரையும் திருமதி ஃபுசாகி என்றே கூப்பிடச் சொல்கிறாள். நான் அழுதேன். நர்ஸாக இராதே, மனைவியாக இரு – என்ன ஒரு வரி என்று நினைத்தேன்.

அக்கா இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். நைட் ட்யூட்டி முடித்து வந்து பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று படித்தாள். கடிதம் அவளை அசைக்கவே இல்லை. “நர்ஸா இருக்காதேன்னு எழுதறது சுலபம். அவருக்கு மாத்திரை யார் எடுத்துக் குடுப்பா?” என்று கேட்டுவிட்டு, நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்த ஓர் இடத்தைப் பிரித்துக் காட்டினாள்.

கடந்த காலத்தில் ஃபுசாகி, இவள் எதிர்காலத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டு தன் நோயைப் பற்றிக் கேட்கிறார். கோதாகே யோசிக்கிறாள். என்ன சொன்னாலும் நடக்கப்போவது மாறாது. அப்படியானால் நிஜத்தை ஏன் சொல்ல வேண்டும்? குணமாகிவிட்டது என்கிறாள்.

“இதை நாங்க வார்டுல தினமும் சொல்றோம்டி” என்றாள் அக்கா. “நாம என்ன சொன்னாலும் ரிப்போர்ட் மாறாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்றோம். நர்ஸா இருக்காதேன்னு கடிதத்தைப் பையில வெச்சுக்கிட்டு அந்த ஆள் உட்கார்ந்திருக்கான். இவ எதிர்ல உட்கார்ந்து, காபி ஆறுறதுக்குள்ள பண்ணின ஒரே காரியம் நர்ஸ் வேலைதான்.”

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அந்த விதிக்கு ஒரு உபயோகம் இருக்கு” என்று மட்டும் ஒப்புக்கொண்டான். பேய் ஏன் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற கேள்வியை இன்னும் விடவில்லை. புத்தகம் அக்காவிடமிருந்து இன்னும் திரும்பி வரவில்லை. வார்டில் கூட வேலை செய்யும் யாருக்கோ கொடுத்திருக்கிறாளாம்.