ஆத்தில பிடிச்சதெண்டா விலை கூடவோ?

போன கிழமை ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். தொட்டியில் ஓடித்திரிந்த செரி பார்ப் என்கிற சின்னச் சிவப்பு அலங்கார மீன்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஆத்தில பிடிச்சதோ, தொட்டியில பொரிச்சதோ?" என்று கேட்டான். தொட்டிதான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆற்று மீன் என்றால் இரட்டை விலை தருவானாம்.

இந்த 'ஒறிஜினல்' பைத்தியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செரி பார்ப்புக்கும், சிங்களத்தில் 'புலத் ஹபயா' (வெற்றிலை சப்பி, வாயும் முகமும் அப்படிச் சிவக்கும்) என்கிற கறுப்பு ரூபி பார்ப்புக்கும் பிறந்த இடம் இலங்கைதான். அதுவும் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகள். அதுகளின் இனத்துப் பண்டுல பார்ப் மீன் இன்னும் பாவம். கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைப் பக்கம் வயலோரமாய் ஓடுகிற ஒரு சின்ன ஓடைதான் அதன் ஊர். 1991இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயரே கிடைத்தது. அங்கே நாலு பேர் வலையோடு இறங்கினால் என்ன மிஞ்சும்?

திருகோணமலையில் இதுகளைப் பொரிக்க வைப்பது லேசில்லைத்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். ஈரவலய மீனுக்கு அப்படிப் படியாத மெதுதண்ணீர் வேண்டும். அதனால் மாரி மழையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுப் பீலித் தண்ணீரைப் பிடித்து வைப்பேன் (மூடிதான், இல்லாவிட்டால் டெங்கு என்று பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்). காய்ந்த கொட்டங்காய் இலை இரண்டு, ஒரு கைப்பிடி பாசி. பின்னேரம் ஒரு ஆணையும் இரண்டு பெண்ணையும் விட்டால் அடுத்த நாள் விடிய முட்டை கிடக்கும். உடனே தாய் தகப்பனைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுகளே தின்று தீர்த்துவிடும். ஒன்றிரண்டு நாளில் கண் இமை முடி மாதிரிக் குஞ்சுகள். 2022இல் கரண்ட் மணிக்கணக்கில் போன நாட்களில், காற்று மோட்டார் நின்றுவிட, சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி விடிய விடிய இருந்திருக்கிறேன்.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெருகினால் நலிந்துபோகும் என்பது உண்மை. அதற்கு ஆற்றுக்குப் போகத் தேவையில்லை. நான் வருசத்துக்கு ஒருமுறை மட்டக்களப்பு நண்பனோடு ஆண்மீன்களை மாற்றிக்கொள்கிறேன்.

"கந்தளாய்க் குளத்தில விடுங்கோ, புண்ணியம்" என்கிறவர்களுக்கும், ஆற்றையும் குளத்தையும் அதன் பாட்டில் விடுங்கள் என்கிற இதே பதில்தான். இது அந்தக் குளத்து மீன் இல்லை. தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் வெளிநாட்டு மீன்) நாட்டுக் குளங்களில் படுத்துகிற பாடு போதும்.

தம்பி நேற்றுத் திரும்ப வந்தான். பத்துக் குஞ்சு கொண்டுபோனான், தொட்டி விலைக்குத்தான்.