ஸ்மிஸ்லோவை இறுதிவரை கொண்டுபோனது ரூலெட் அல்ல

"1958-ல் உலக செஸ் பட்டம் போனதோடு சோவியத் வீரர் ஸ்மிஸ்லோவ் கதை முடிந்தது, 1984 கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுக்கு எதிராக ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதிக்கு ரூலெட் (சூதாட்டச் சக்கரம்) அதிர்ஷ்டத்தில்தான் வந்தார்" என்பது பாதி உண்மைகூட இல்லை. ரூலெட் சுற்றியது காலிறுதியில் மட்டும். 1983-ல் ஆஸ்திரியாவின் வெல்டனில் ஜெர்மன் வீரர் ஹூப்னருடன் 10 ஆட்டங்களில் 5-5, கூடுதல் நான்கிலும் 2-2. சமன் உடையாததால்தான் சக்கரம். முதல் சுற்றில் பந்து பூஜ்ஜியத்தில் விழுந்தது. மறுபடி சுற்றியபோது சிவப்பு, அது ஸ்மிஸ்லோவின் நிறம்.

அதற்கு முன்பே லாஸ் பால்மாஸில் நடந்த இன்டர்சோனல் என்ற தகுதிச் சுற்றில் இரண்டாமிடம் பிடித்துத் தகுதி பெற்றிருந்தார். அங்கே முதலிடம் பிடித்த ஹங்கேரி வீரர் ரிப்ளியைத்தான் பிறகு அரையிறுதியில், 62 வயதில், 6½-4½ என வீழ்த்தினார். இதில் எந்தச் சக்கரமும் இல்லை, பலகை மட்டுமே. இறுதியில் காஸ்பரோவிடம் 4½-8½ எனத் தோற்றார்; ஆனாலும் 13 ஆட்டங்களில் 9 டிரா. 1991-ல் முதல் உலக சீனியர் பட்டமும் அவருக்கே.