லெய் சா எல்லாக் கடையிலும் சைவம் இல்லை

லெய் சா என்பது சீன ஹக்கா மக்களின் உணவு: சோற்றின் மேல் காய்கறியும் கடலையும் வைத்து, தேயிலை சேர்த்து அரைத்த பச்சைச் சாற்றை ஊற்றிச் சாப்பிடுவது. "ஹக்கா லெய் சா சோறு என்றாலே சுத்த சைவம், எந்தக் கடையிலும் நம்பிச் சாப்பிடலாம். அந்தப் பச்சைச் சாறு வெறும் கிரீன் டீதான்" என்று ஆரோக்கிய உணவகம் ஒன்றில் அதைச் சாப்பிட்ட நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாதாரணக் கடைகள் பலவற்றில் சோற்றின் மேல் வறுத்த நெத்திலியோ காய்ந்த இறாலோ போடுகிறார்கள். இறாலைக் காய்கறியோடு சேர்த்தே வதக்கிவிடும் கடையும் உண்டு. அங்கே "நெத்திலி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த நண்பர் போனது ஆரோக்கிய உணவகம் என்பதால் சைவமாகவே கிடைத்திருக்கும். அதை வைத்து எல்லாக் கடைக்கும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம் அந்தச் சாறு. உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் தேயிலை, புதினா, துளசி வகை இலை, வறுத்த நிலக்கடலை, எள் எல்லாம் போட்டு, நீளமான மரக்குழவியால் (கொய்யா மரக் குழவி என்றால் தனி மதிப்பு) எண்ணெய் கசியும் வரை அரைப்பார்கள். பிறகுதான் வெந்நீர் ஊற்றுவார்கள். லேசான கசப்போடு நல்ல வாசமாக இருக்கும்.

அதனால் கடலை ஒவ்வாமை உள்ளவர்களிடம் "வெறும் டீ" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மேலே தூவிய கடலையை ஒதுக்கலாம், சாற்றில் அரைத்ததை ஒதுக்க முடியாது.