விபூதிப் புதனும் சமய பாடமும்

என் மகள் மன்னாரில் தரம் 4 படிக்கிறாள். சமய பாட மணி அடித்ததும் அவள் வகுப்பு மூன்றாக உடையும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடுவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மூன்றே பேர். இஸ்லாம் படிப்பிக்க அங்கே ஆசிரியர் இல்லை, நூலக மூலையில் படம் கீறிக்கொண்டிருப்பார்கள். பாடவேளை முடிய எல்லாரும் வந்து ஒன்றாகக் கணக்குச் செய்வார்கள்.

இந்த முறை விபூதிப் புதனன்று அவளின் சிநேகிதி காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்திருக்கிறாள். என் மகள் கேட்டாளாம், "நீயும் நீறு பூசத் தொடங்கிட்டியா?"

"இது வேற, உங்கட நீறு வேற."

"என்ன வேற?"

அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ரீச்சரிடம் போயிருக்கிறார்கள். "அது அவையின்ர பாடம். உங்களுக்குத் தேவையில்லை" என்று பதில்.

ரீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் கலியாணம் முடித்து மன்னாருக்கு வந்த பிறகுதான் அறிந்தேன், முந்தைய வருடக் குருத்தோலை ஞாயிற்று ஓலைகளை எரித்துத்தான் அந்தச் சாம்பல் என்று. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்களாம். எங்கள் ஆச்சி நீறு பூசிவிடும்போது சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: "கடைசியில எல்லாரும் ஒரு பிடி சாம்பல், மோனை."

இந்த நாட்டில் முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை சமயம் கட்டாயப் பாடம். ஆனால் அவரவர் சமயம் மட்டும். பத்துப் பதினொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பக்கத்து மேசைக்காரி எதைக் கும்பிடுகிறாள், ஏன் நோன்பு பிடிக்கிறாள் என்று தெரியாமலே வெளியே வரலாம். எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளையோ கண்ணிலேயே படாது. சொந்தச் சமயத்துக்கு வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஞாயிறு அறநெறி வகுப்பும் மறைக்கல்வியும் இருக்கின்றன. அடுத்த வீட்டாரின் சமயத்தைச் சொல்லித்தர பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஆரம்பப் பிள்ளைகள், குழம்பிவிடும்" என்பார்கள். "மதம் மாற்றிப்போடுவார்கள்" என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்துக்குச் சரித்திரம் இருக்கிறது, சிரித்துத் தள்ளமாட்டேன். மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றாகத்தானே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே நாவலர்தான் அதற்கு முன் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். வரி வரியாகப் படித்த மனிதர் குழம்பினாரா?

லண்டனில் அக்காவின் மகன் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் எல்லாச் சமயமும் ஒரே வகுப்பில்தான். அங்கே 1988இலிருந்து சட்டப்படி கிறிஸ்தவத்துக்கு முதலிடம், ஆனாலும் மற்றப் பெரிய சமயங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அவன் வந்து "தீபாவளி ராமர் அயோத்திக்குத் திரும்பிய நாள்" என்று சொல்ல, வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கொதித்துவிட்டார். "ராமரோ? நரகாசுரன் எங்க போனான்?" ஒரு களிமண் விளக்கு, ஒரு கதை, பாடம் முடிந்தது என்றால் இப்படித்தான். புத்தகத்தில் இருப்பது ஒன்று, வீட்டில் நடப்பது இன்னொன்று.

ஆகவே இன்னொரு பாடப்புத்தகம் அச்சடிக்கச் சொல்லவில்லை. சமய பாடமும் இருக்கட்டும். தவணைக்கு இரண்டு பாடவேளை மட்டும் அந்த ஓட்டம் வேண்டாம். கத்தோலிக்க ரீச்சர் எங்கள் வகுப்புக்கு வரட்டும், சைவ ரீச்சர் அங்கே போகட்டும், அந்த மூன்று பிள்ளைகளின் உம்மாவோ வாப்பாவோ ஒருநாள் வந்து நோன்பைப் பற்றிச் சொல்லட்டும். வாணிவிழா அவலையும் நத்தார் ஒளிவிழாக் கேக்கையும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் தின்கிறார்கள். எதற்கென்று மட்டும் யாரும் சொல்வதில்லை. 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயில் வீதி வளைவுக்காக இங்கே முட்டிக்கொண்ட சைவர்களிலும் கத்தோலிக்கர்களிலும் எத்தனை பேர் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களோ.

போன கிழமை மகள் சிநேகிதியின் கத்தோலிக்கப் புத்தகத்தை இரவலாக வாங்கி வந்தாள். அதைக் கீழே போடவும் மனமில்லாமல், சாமி அறைக்குள் வைக்கவும் துணியாமல், மாமி கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்கும் தட்டில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனார்.