சி2 நிலை தாய்மொழியாளர் நிலை அல்ல

ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளில் கற்பவரின் திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் உச்சமான சி2ஐ எட்டியவர் தாய்மொழியாளருக்கு இணையாகிவிடுவார் என்றும், அந்த ஆறு நிலைகளும் இந்த இலக்கை வைத்தே வகுக்கப்பட்டன என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. பயிற்சி நிலைய விளம்பரங்களின் தொனியும் ஏறக்குறைய இதுவே என்பதால் பலர் இதை நம்புவதில் வியப்பில்லை. ஆயினும் அந்நிலைகளை வகுத்த ஆவணமே இதை மறுக்கிறது.

ஐரோப்பிய மன்றம் (Council of Europe) 2001இல் வெளியிட்ட மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகத்தின் 3.6ஆம் பகுதி, சி2 என்பது தாய்மொழியாளரின் திறனையோ அதை ஒட்டிய திறனையோ குறிப்பதல்ல என்றும், மிகச் சிறப்பாகக் கற்றுத் தேர்ந்தவர்களின் பேச்சில் காணப்படும் துல்லியம், பொருத்தம், சரளம் ஆகியவற்றின் அளவையே குறிக்கிறது என்றும் தெளிவாகக் கூறுகிறது. 2020இல் வந்த அச்சட்டகத்தின் துணைத் தொகுதி, பழைய விவரிப்புகளில் தாய்மொழியாளரை அளவுகோலாகக் காட்டிய தொடர்களை மாற்றியதோடு, பன்மொழி, பன்பண்பாட்டுத் திறனுக்கெனத் தனி அளவைகளையும் சேர்த்தது. அதன் உச்சரிப்பு அளவையில், சி2 நிலையில் உள்ளவரின் பேச்சில் பிற மொழியின் சாயல் எஞ்சியிருக்கலாம் என்றும், அது பொருள் விளங்குவதைப் பாதிக்காது என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. (சி2 எளிது என்று இதற்குப் பொருளல்ல.)

இரு ஆவணங்களும் ஐரோப்பிய மன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐயமுள்ளவர்கள் முதல் ஆவணத்தில் 3.6ஆம் பகுதியையும், துணைத் தொகுதியில் உச்சரிப்பு அட்டவணையின் சி2 வரிசையையும் வாசித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் சில நிமிடங்களே ஆகும்.