பதினைந்து நிமிடக் கூட்டத்தின் விலை

சம்பள வெட்டோ, இன்க்ரிமென்ட் நிறுத்தமோ, எதுவானாலும் பல எச்.ஆர். துறைகளிடம் ஒரே பதில்தான்: "மேலிட முடிவு." இந்தப் பதிலுக்கு நிறுவனம் என்ன விலை கொடுக்கிறது என்பதை நிறுவன உளவியல் ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-லேயே ஓர் ஆய்வில் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி. விமானங்களுக்கும் கார்களுக்கும் சிறு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, அதன் மூன்று ஆலைகள். பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போகவே, ஆட்குறைப்புக்குப் பதிலாக இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15 சதவீதம் வெட்டு. மூன்றாவதில் வெட்டு இல்லை.

முதல் ஆலைக்குக் கம்பெனித் தலைவரே வந்தார். சுமார் ஒன்றரை மணி நேரம் நிலவரத்தை வரைபடங்களோடு விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இரண்டாவது ஆலையில் 15 நிமிடம். காரணத்தைப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

வெட்டு ஒரே அளவுதான். ஆனால் இரண்டாவது ஆலையில் சரக்கு காணாமல் போவது எகிறியது. வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் இறங்கிவிட்டது. அதே ஆட்கள்தான். நேராகாத கணக்கைத் தாங்களே நேர்செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இதைப் பயிற்சி வகுப்புகளில் "இனிக்கப் பேசினால் போதும்" என்று சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். முதல் ஆலையிலும் திருட்டு கூடத்தான் செய்தது, குறைவாகக் கூடியது. விளக்கம் பணத்துக்கு ஈடாகாது.

ஐ.டி. அலுவலகத்தில் தூக்கிப்போக ஸ்பேனர் கிடையாது. அங்கே எடுத்துக்கொள்வது நேரத்தையும் அறிவையும். நேற்றுச் சேர்ந்தவருக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று தெரிந்த சீனியர், ஆறு மணிக்கு லாக்-ஆஃப் செய்வார். ஜூனியர் சந்தேகம் கேட்டால் "டாக்குமென்ட்டைப் பார்" என்பார். எந்த ரிப்போர்ட்டிலும் இது வராது.

நடைமுறை நியாயமாகத் தெரிய என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் ஜெரால்ட் லெவந்தால் 1980-ல் ஆறு விதிகள் சொன்னார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல், சரியான தகவல் என்று போகும் அந்தப் பட்டியலில் அதிகம் கைவிடப்படுவது, தவறான முடிவைத் திருத்த ஒரு வழி. அப்ரைசல் (வருடாந்திர மதிப்பீட்டு) கடிதத்திலேயே எழுதுங்கள்: மறுபரிசீலனைக்கு யாரிடம் போவது, எத்தனை நாளுக்குள், பதில் எப்போது. அந்த "யார்" ரேட்டிங் போட்ட மேனேஜராக இருக்கக் கூடாது. அளவுகோலை வருடத் தொடக்கத்தில் சொல்லுங்கள், மார்ச்சில் அல்ல.

பெல் கர்வ், அதாவது ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் இத்தனை பேர்தான் என்ற கோட்டா, வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொன்று. எட்டுப் பேரும் நன்றாக வேலை செய்த டீமிலும் யாராவது ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டும். அப்போது "கோட்டாவால் குறைந்தது" என்று உண்மையைச் சொல்ல மேனேஜருக்கு அனுமதி கொடுங்கள். இல்லாத குறையைத் தேடிப்பிடித்து அவர் எழுதும் இரண்டு வரியைப் படித்த அன்று இரவே அந்த ஆள் நௌக்ரி வேலைத் தளத்தில் ரெஸ்யூமைப் புதுப்பித்துவிடுவார்.